மருந்தை மறைத்துச் சொன்ன சாட்சி

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பை மாட்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தாய். காலையில் வரும்போது சரியாக இருந்த வார், திரும்பும்போது உன் பாதத்தில் ஏறவில்லை. அதைத் தளர்த்திவிடலாம் என்று நான் குனிந்தேன். நீ காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். நேரா பதில் சொல்லணும். அன்னைக்கு நீங்க சபையில சொன்ன சாட்சி உள்ளதா, பொய்யா?" என்று கேட்டாய். குனிந்தபடியே இருந்தேன். நீயே பதிலையும் சொல்லிக்கொண்டாய். "உள்ளதாக்கும். பின்ன என்னத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுக்குதிய?" என்று சொல்லி, வெறுங்காலோடு பைக்கை எடுத்துக்கொண்டு பொழியூருக்குப் போய்விட்டாய். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை. அப்போது சொல்ல வேண்டியிருந்த பதில்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. உன் மாமி வாசிக்கட்டும், போதகர் வாசிக்கட்டும், உன்னோடு அந்த வாடகை வீட்டில் இருக்கும் பையன்கள் வாசிக்கட்டும். சபை நடுவே நின்று சொன்ன ஒன்றை அடுக்களையில் நின்று திருத்த முடியாது. உன் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை. உனக்கு என்னைத் தெரியும். கல்லூரியில் வேதியியல் வகுப்பு எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அளந்து பேசுகிறவள். அழுதாலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவள். அப்படிப்பட்டவள் இன்று ஊர் பார்க்கக் கெஞ்சுகிறேன் என்றால் எனக்கு வேறு வழி இல்லை என்று புரிந்துகொள். வருகிற ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. நீ எழுந்து சாட்சி சொல்லப்போகிறாய். கர்த்தர் சுகம் தந்துவிட்டார், மருந்து எடுக்கப்போவதில்லை என்று சொல்லப்போகிறாய். உன் பக்கத்தில் நானும் நின்று, இருபது வருஷத்துக்கு முன் சொன்னதை இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். டாக்டரோ அதற்கு மறுநாள், திங்கட்கிழமை, படுக்கை ஒதுக்கி வைத்திருக்கிறார். உன் உடம்பின் புரதம் முழுக்கச் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் ரத்தம் உறைந்து எங்கேயாவது அடைக்கலாம், சிறுநீரகமே நின்றுபோகலாம் என்று அவர் சொன்னபோது நீ ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் கண் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இப்படி வீங்கி நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை.

உனக்கு நாலு வயது முடிந்திருந்தது. ஒரு வாரமாகக் காலையில் எழும்போது உன் முகம் உப்பியிருந்தது. தம்பி மகன் என்று உன்மேல் உயிராக இருந்த உன் மாமிக்கு அது சந்தோஷம். "பிள்ள இப்பம்தான் தடிச்சு அழகா வருகான். ஆரும் கண்ணு வச்சிராதிய" என்று உன் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டுப் போனாள். பத்தாம் நாள் உன் நிக்கரின் நாடா வயிற்றில் பதிந்திருந்தது. திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் புரதம் போகும் நோய், சின்னப் பிள்ளைகளுக்கு வரும், மருந்துக்குக் கேட்கும், ஆனால் பெரியவனான பிறகு திரும்பி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதித் தந்தார். வீட்டிலேயே தினமும் பரிசோதிக்கச் சொல்லித் தந்தார். நான் கல்லூரியிலிருந்து ஒரு சோதனைக் குழாய் கொண்டுவந்தேன். விடிந்ததும் உன் முதல் சிறுநீரைக் குழாயில் பிடித்து, சாய்த்துப் பிடித்தபடி அடுப்புத் தீயில் மேல்பாகத்தைக் காய்ச்சுவேன். புரதம் இருந்தால் முட்டை வெள்ளை திரிவதுபோல வெள்ளையாகத் திரியும். இரண்டு சொட்டு வினிகர் விட்டும் அந்த வெள்ளை போகாவிட்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். உன் அப்பா கதவருகே நின்று, "உனக்க லேப் முடிஞ்சா சொல்லு பிள்ளே, சாயா போடணும்" என்பார். அவர் கிண்டல் செய்யாமல் அங்கே நிற்கத் தைரியம் இல்லாதவர். முதல் பதினொரு நாளும் குழாயில் பாலாகத் திரிந்தது.

மாத்திரை தினமும் மூன்று. கைப்பு தாங்காமல் துப்புவாய். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடித்து, மட்டி வாழைப்பழத்தில் குழைத்து ஊட்டினேன். பிறகு டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்து எட்டு மாதம் கொடுத்தேன். எட்டு மாதமும் மட்டிப்பழம்தான். நீ இன்றைக்கும் மட்டிப்பழத்தைத் தொடமாட்டாய். கல்யாண வீட்டு இலையில் வைத்தால்கூட ஓரமாகத் தள்ளிவைப்பாய். "நம்ம ஊருல பிறந்துட்டு மட்டிப்பழம் தின்னாதவன் நீ ஒருத்தன்தாம்லே" என்று உன்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. காரணம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்கு அந்த மாத்திரைகள் ஞாபகத்தில் இல்லை; ஞாபகத்தில் இருக்கும் வயதும் இல்லை. உன் நாக்கு மட்டும் அதை இன்னும் மறக்கவில்லை.

மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் உன் மாமி சபையில் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்தாள். மூன்று நாள், பகல் முழுவதும், மணிக்கு ஒருத்தியாகப் பெண்கள் மாறி மாறி வந்து சபைக் கோயிலில் முழங்காலில் நின்றார்கள். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை, மக்கா. முந்திரி உடைக்கும் அண்டியாபீஸில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். பால் கறந்த கையோடு வந்தவள் இருந்தாள். யாரோ பெற்ற பிள்ளைக்காக அப்படி ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பதை என்னால் இன்றைக்கும் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. நான் நிற்கவில்லை. வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். ஜெபம் முடிந்த மறுநாள் காலை, மருந்தின் பன்னிரண்டாம் நாள், குழாயைக் காய்ச்சினேன். திரியவில்லை. கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. நான் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் தெளியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்ததும் உண்மை.

அடுத்த ஞாயிறு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று மாமி வந்து நின்றாள். கல்லூரியில் மீந்துபோன லேப் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். டாக்டர், மாத்திரை, ஜெபம் எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதியிருந்தேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "இது சாட்சியா, ஆஸ்பத்திரிச் சீட்டா? மாத்திரைய எடுத்து மாற்று பிள்ளே. மருந்தச் சொன்னா மகிமை கொறையும்" என்றாள்.

"மைனி, மாத்திரை குடுத்தது உள்ளதுதானே?"

"உள்ளதுதான். ஆரு இல்லேன்னா? கறி வச்சா அடுப்பையா கொண்டு விளம்புவே? அடுப்பு அடுக்களையில இருக்கட்டு. இலையில கறிய மட்டும் விளம்பு."

உன் அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு பேனாவை எடுத்து ஒரே ஒரு வரியை அடித்தேன். மாமி கெட்டவள் இல்லை. அவளுக்கு அது பொய்யே இல்லை. மருந்தும் கர்த்தர் தந்ததுதான் என்று நினைக்கிறவள் அவள். எனக்குத்தான் அது பொய். படித்த திமிர், கோயிலில் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆறு வருஷமாக என் காதுபடப் பேசியவர்கள் என் பிள்ளைக்காக முழங்காலில் நின்றிருந்தார்கள். அந்த நன்றிக்கு வேறு எதைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைக் கொடுத்துவிட்டேன். அடித்த வரியின் இடம் மொட்டையாகத் தெரிந்ததால், முடிவில் நானே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "ஒரு தரம் தொட்டவர் இன்னொரு தரமும் தொடுவார்." வசனம்போல ஒலிக்கிறது என்று மாமி மெச்சினாள். ஞாயிறன்று தமிழ் ஆராதனையில் எழுந்து நின்று அதை வாசித்தேன். பலர் அழுதார்கள். வெளியே வந்தபோது, கோட்டுகால் ஊரிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண், இடுப்பில் முகம் உப்பிய ஒரு குழந்தையோடு, என் சேலையைப் பிடித்து, "டீச்சரே, மருந்து ஒண்ணும் குடுக்கலியா?" என்று கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை இருந்தால் இப்போது உன் வயதுதான்.

அந்தச் சாட்சியைத்தான் மாமி உன் ஒவ்வொரு பிறந்த நாளிலும் சொன்னாள். ஓய்வுநாள் பள்ளிக் கதைப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் தாவீதையும் தானியேலையும் சொன்னபோது நீ உன் கதையையே சொன்னாய். என் வாக்கியத்தோடு முடித்தாய். எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசு வாங்கினாய். நான் கை தட்டினேன்.

மூன்று மாதம் முன்பு நீ பொழியூர் ஜெப முகாமிலிருந்து காலை பத்து மணிக்கு வந்தாயே, அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். கடல் தின்றுபோன ரோட்டின் முனையில், கல் அடுக்கிய இடத்தில் நின்று ஜெபித்தபோது முதுகில் ஒரு கை வைத்ததுபோலச் சூடு பரவியது என்றாய். அலைச் சத்தம் நின்றுபோனது என்றாய். உன் பெயரைச் சொல்லி ஒரு குரல் பேசியது என்றாய். அப்போது உன் கண்கள் ஈரமாக இருந்தன. உன் அப்பா போன பிறகு உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. நான் என்ன கேட்டேன்? "காலையில வல்லதும் தின்னியா? எத்தன நாளு உபவாசம்? ராத்திரி உறங்கினியா?" என்று கேட்டேன். "அம்மா, நீங்க எனக்க அம்மையா, வைவா எடுக்க வந்த எக்சாமினரா?" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் உன் கண் காய்ந்துவிட்டிருந்தது. அன்று நீ மூடிய கதவை இன்றுவரை எனக்குத் திறக்கவில்லை. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஒருவன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய காரியத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வரும்போது முதலில் அதை வாங்கிப் பார்க்க வேண்டும். கேள்விகளைப் பிறகு கேட்டிருக்கலாம். நான் வாங்காமலே கேட்டேன்.

குரல் என்ன சொன்னது என்று கடைசியாகத்தான் கேட்டேன். நீ போகிற போக்கில் சொன்னாய்: "ஒரு தரம் தொட்டேன், இன்னொரு தரமும் தொடுவேன்."

மக்கா, அது வேதத்தில் இல்லை. தேடிப் பார். அது என் வரி. அடித்த வரியின் மொட்டை தெரியாமலிருக்க நான் வைத்த ஒட்டு. நீ கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நீ கேட்டாய். பொய் சொல்கிறவனின் கண் அப்படி ஈரமாவதில்லை. உனக்குக் கிறுக்கு என்றும் நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்துச் சிரிக்கும் என் கல்லூரித் தோழியோடு நான் இப்போது பேசுவதில்லை. ஆனால் நாலு வயதிலிருந்து உன் காதில் ஊற்றிய ஒரு வாக்கியம், அந்தக் கடலோரத்தில் உனக்குள்ளிருந்து எழுந்திருக்கலாம் இல்லையா? தெய்வம் பேச நினைத்தால் என் வரியை எடுத்துப் பேசக்கூடாதா என்று நீ கேட்பாய். கேட்கலாம். அதைக் காய்ச்சிப் பார்க்கும் குழாய் என்னிடம் இல்லை. எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அந்த வரி எப்படிப் பிறந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பிறந்த இடத்தில் நான் இருந்தேன்.

இதைப் பற்றி நான் பேசிப்பார்த்த ஒரே ஆள் பக்கத்து வீட்டுச் சந்திரிகா. உனக்குத் தெரியும், வருஷத்துக்கு ஒரு முறை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவள் மேல் அம்மன் வரும். மேளம் ஏறும்போது ஐம்பது கிலோகூட இல்லாத அவளை நாலு ஆண்கள் பிடித்தாலும் நிறுத்த முடியாது. இத்தனை வருஷமாக மதில் வழியாகப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் கேட்டேன்: "சந்திரிகா, அது உள்ளதா?" அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "டீச்சர் இத்தன வருசம் கழிச்சு கேக்குதியளா? உள்ளதாக்கும். வரும்போ நான் இல்ல, அவளுதான்" என்றாள். பிரஷர் மாத்திரையை ஏன் விடவில்லை என்று கேட்டேன். கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "நல்ல கதை! அம்மன் எனக்க மேல வருகது ஆடுகதுக்கு. பிரஷர் பாக்கவா வருகா? அதுக்கு பெருங்கடவிளையில டாக்டர் உண்டுல்லா." நம் வீட்டில் எனக்கும் உன் அப்பாவுக்கும் இத்தனை படிப்பிருந்தும் இவ்வளவு தெளிவாக ஒருவரும் பேசியதில்லை.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாதது. உன் மாமிக்கும் தெரியாது.

உன் அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது, எட்டு வருஷம் முன்பு. சர்வேயர் வேலைக்காகத் தண்ணீர் தேங்கிய வயலில் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு வந்தவர், அடுத்த வாரம் காய்ச்சலில் விழுந்து, மூன்றாம் நாள் மஞ்சளாகிவிட்டார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அது ஐந்தாம் நாள். தீவிர சிகிச்சை அறைக்குள் என்னை விடவில்லை. உனக்கு பிளஸ் ஒன் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் மாமி வீட்டில் இருந்தாய். காலை பதினொரு மணி இருக்கும். கேன்டீனில் கஞ்சிக்காகத் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றேன். தகரக் கூரை, வெயில், யாரோ ஒருவர் ஊறுகாய் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவில் எல்லாம் அமர்ந்துவிட்டது. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் என்னை யாரோ முழுதாகத் தெரிந்துவைத்திருப்பதுபோல இருந்தது. என் சந்தேகம், என் கர்வம், அந்த அடித்த வரி, எல்லாம் தெரிந்தும் என்னைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல. உன் அப்பா பிழைத்துக்கொண்டார், நாளை கண் திறப்பார் என்று எனக்குத் தெரிந்தது. நினைத்தேன் என்று சொல்லவில்லை. நம்பினேன் என்றும் சொல்லவில்லை. தெரிந்தது. வரிசை மூன்று ஆள் நகரும் நேரம்தான் அது. பின்னாலிருந்தவர் "சேச்சி, நீங்கணம்" என்று முன்னால் நகரச் சொல்லித் தட்டியபோதுதான் ஊறுகாய்ச் சண்டை மறுபடி காதில் விழுந்தது.

வெளியே வந்து உனக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரம் முன்பு டாக்டர் என்னைக் கூப்பிட்டு மலையாளத்தில் மெதுவாகச் சொல்லியிருந்தார்: சிறுநீரகமும் ஈரலும் கைவிட்டுவிட்டன, மகனை இன்றைக்கே வரச் சொல்லுங்கள். நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஓர்மை இருக்கும். "டாக்டர் சொல்லியாச்சு மக்கா, அப்பாவுக்கு இனி சாரமில்ல, எழும்பிருவாரு. நீ பரீட்சைய எழுதிட்டு நாளைக்கு வந்தா மதி." கஞ்சி வரிசையில் எனக்குத் தெரிந்தது என்று சொல்ல வெட்கப்பட்டேன். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லையே. அதனால் டாக்டர் வாயில் வைத்துச் சொன்னேன். அன்று மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அவர் திரும்பி வந்தால் படுக்கப் புது விரிப்பு விரித்துவிட்டுத் திரும்பிப் போனேன். மறுநாள் நீ பரீட்சைக் கூடத்தில் இருந்தபோது அவர் போய்விட்டார். கடைசி நாளில் அவருக்கு ஒரு முறை நினைவு வந்தது என்று நர்ஸ் சொன்னாள். யார் பெயரைச் சொன்னார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து நீ டாக்டர்களை நம்புவதில்லை. "வாய் கூசாம அப்பா வருவாருன்னு சொன்னவனுவ" என்று சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று நீ கத்தியதை ஊரே கேட்டது. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். எட்டு வருஷம் பேசாமல் நின்றேன். எந்த டாக்டரும் உன்னிடம் பொய் சொல்லவில்லை, மக்கா. அந்த மனிதர் உன்னை அழைக்கத்தான் சொன்னார். உன்னை உன் அப்பாவிடமிருந்து தடுத்தவள் நான்.

நீ இன்று மருந்தை மறுக்க இரண்டு காரணம் சொல்கிறாய். சின்ன வயதில் மருந்தில்லாமல் சுகமானேன் என்கிறாய். டாக்டர்கள் பொய்யர்கள் என்கிறாய். இரண்டையும் உனக்குக் கொடுத்தவள் நான். 

அந்தக் கஞ்சி வரிசையில் நடந்ததை நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கலாம். மூளையின் வேலை என்று எழுதித் தள்ளிவிட எனக்குத் தெரியும். பலமுறை எழுதியும் பார்த்தேன். தள்ள முடியவில்லை. என் நாற்பத்தொன்பது வருஷத்தில் அதைவிட உண்மையாக எனக்கு எதுவும் நடந்ததில்லை. இன்றும் மனசு நிலைகொள்ளாத நாட்களில் நினைப்பில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றுகொள்கிறேன். அந்த அமைதி பொய் இல்லை. அந்த அமைதியோடு வந்த செய்தி பொய். இந்த இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள எனக்கு எட்டு வருஷம் ஆனது. சபையில் சொன்னால் அது கர்த்தரிடமிருந்து வந்ததல்ல என்பார்கள், ஏனென்றால் உன் அப்பா செத்துப்போனார். கல்லூரியில் சொன்னால் தூக்கமில்லாமல் நின்றவளுக்குத் தலை சுற்றியது என்பார்கள். இரண்டு பேரும் அதை என் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துதான் யாரிடமும் சொல்லவில்லை. நடக்காததைச் சபையில் எழுந்து நின்று சொன்னவள், நடந்ததை ஒளித்துவைத்தேன்.

ஆகையால் உன் கடலோரத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை என்று நினைக்காதே. யாருக்கும் தெரியாமல் என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. உன் முதுகில் பட்ட சூட்டை நான் நம்புகிறேன். உன்னை யாரோ அறிந்திருக்கிறார்கள், கைவிடவில்லை என்று அது உனக்குச் சொன்னால், அதைப் பிடித்துக்கொள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டேன். ஆனால் உன் சிறுநீரில் புரதம் இருக்கிறதா இல்லையா என்று அது சொன்னால், அதை நம்பாதே. நான் நம்பினேன். நம்பியதால் நீ உன் அப்பாவின் முகத்தை உயிரோடு பார்க்காமல் போனாய். அந்த விலை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். கர்த்தர் உன்னை உண்மையாகவே தொட்டிருந்தால், ஒரு டாக்டர் பார்ப்பதால் அது அழிந்துவிடாது. தொட்டிருக்காவிட்டால், மக்கா, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஞாயிறன்று நான் வருவேன். நீ கேட்டபடி உன் பக்கத்தில் நிற்பேன். உனக்கு முன்னால் நான் பேசுவேன். இருபது வருஷத்துக்கு முன் இந்த இடத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு மீதியை வாசித்தேன் என்று சொல்வேன். தினமும் மூன்று மாத்திரையில் தொடங்கி எட்டு மாதம் என்று சொல்வேன். முழங்காலில் நின்ற பெண்களில் உயிரோடிருப்பவர்களின் பெயரைச் சொல்லி நன்றி சொல்வேன்; அந்த நன்றியை அன்றே ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். என் மகன் ஒரு குரல் கேட்டான், அவன் பொய் சொல்கிறவன் அல்ல என்றும் சொல்வேன். உன் மாமி என்னோடு பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும். உன் நண்பர்கள் நான் விசுவாசத்தைக் கெடுக்க வந்தவள் என்பார்கள். சொல்லட்டும். நீ பாதியில் எழுந்து வெளியே போகலாம். அதற்கும் நான் தயார்.

திங்கள் காலை ஆறரை மணிக்கு பொழியூரில் உன் வீட்டு வாசலில் காரோடு நிற்பேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது மெதுவாக வரலாம், வராமலும் போகலாம். நீ நம்புவதை விட வேண்டும் என்றும் கேட்கவில்லை. வேதத்தை மடியில் வைத்துக்கொள், வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வா. என் முகத்தைப் பார்க்க வேண்டாம். பின் சீட்டில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஏறி உட்கார்ந்தால் போதும்.

அம்மா